தங்கவயல் டெவில் சட்னியும் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்

டிசம்பர் வந்தாலே வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு விருந்து இருக்கும். காரட், வெள்ளரித் துண்டுகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தை வைத்து 'டிப்' என்பார்கள். அதற்குக் கடைக்கு ஓட வேண்டாம். எங்கள் கோலார் தங்கவயலிலேயே சரக்கு இருக்கிறது!

1880ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்த வந்தது. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். மேலதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். நடுவில் ஆங்கிலோ இந்தியர்கள். ஊருக்கு 'குட்டி இங்கிலாந்து' என்றே பெயர். பங்களா வேறு, தொழிலாளர் லைன் வேறு, கிளப் வேறு. ஆனால் சமையல் மட்டும் கலந்துவிட்டது.

ஆங்கிலோ இந்தியர் வீட்டு விருந்தென்றால் தேங்காய்ப்பால் ஊற்றிய மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, பக்கத்தில் ரத்தச் சிவப்பில் டெவில் சட்னி. பச்சை வெங்காயம், மிளகாய், உலர்ந்த திராட்சை, சர்க்கரை, வினிகர், அவ்வளவுதான். காரமான பண்டத்தை 'டெவில்' என்பது 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கம். பெயரும் வினிகரும் அவர்களுடையது, சட்னி நம்முடையது. தங்கவயலில் வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் இந்த மாதிரிச் சமையலைப் புத்தகங்களாகவே எழுதியிருக்கிறார்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். கணக்குப் பார்த்தால் 121 வருடம். அதன்பின் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். மற்ற பலர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

இனி பிள்ளைகளுக்கான கைப்பக்குவம். மிளகாய் வேண்டாம், சிவப்புக்கு பீட்ரூட் போதும். வேகவைத்த சின்ன பீட்ரூட் ஒன்று, பாதி சின்ன வெங்காயம், ஊறிய திராட்சை ஒரு ஸ்பூன், வினிகர் ஒரு ஸ்பூன், உப்பு எல்லாவற்றையும் நைசாக அரையுங்கள். துணியில் இரண்டு மணி நேரம் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் ஒரு கப்பில் கலந்தால் ரோஜா நிறம் வரும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குக் காரட்டைப் பச்சையாகத் தராமல் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

மேஜையில் பெயர்ச்சீட்டு வைக்கச் சொன்னால் வெறும் 'டிப்' என்று எழுதாதீர்கள். 'டெவில் சட்னி, கோலார் தங்கவயல்' என்று எழுதுங்கள். அது எந்த ஊர் என்று யாராவது கேட்டால், நம் பிள்ளையே பதில் சொல்லட்டும். சுரங்கம் இல்லாவிட்டாலும் அந்தப் பெயராவது பிள்ளைகள் வாயில் இருக்கட்டுமே.