சியோனான் கடிகாரம்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி, சியோனான் என்று நாமகரணமும் பெற்றபோது, ஊரின் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, டோக்கியோவில் சக்கரவர்த்தியின் பிரஜைகள் எந்த மணிக்கு எழுந்து உண்டு உறங்கினார்களோ அந்த மணியையே சிராங்கூன் சாலைத் தமிழ்க் குடும்பங்களும் அனுசரிக்கும்படி ஆயிற்று. ஆயிரக்கணக்கான சீனர்கள் கடற்கரைகளில் கொன்று குவிக்கப்பட்ட அம்மாதத்தில் கடிகார முள்ளைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். எனினும் அந்நிய ஆட்சி அடுப்பங்கரை வரை நுழைந்தது அந்த முள்ளின் வழியாகத்தான் என்பது என் துணிபு.

சூரியன் டோக்கியோவுக்குக் கட்டுப்படவில்லை. பூமத்திய ரேகையை ஒட்டிய இத்தீவில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகையால், புதிய கணக்கில் சூரியோதயம் காலை எட்டு மணியளவிலும், உச்சிப்பொழுது இரண்டு மணியளவிலும், அஸ்தமனம் இரவு எட்டு மணியளவிலும் நிகழலாயின. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று மனப்பாடமாய் அறிந்த கிருஹஸ்தர் ஒருவர் அந்த ஏழரைக்கு வாசற்கதவைத் திறந்தால் பொழுதே விடிந்திராது. உதயத்தைக் கொண்டு கணித்தால் அக்காலம் ஒன்பதரைக்கல்லவா தொடங்கும்! வாசல் தெளிப்பதும் விளக்கேற்றுவதும் வானத்தைப் பார்த்து நடப்பவை; பள்ளிக்கூடமும் உத்தியோகமும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நடப்பவை.

ஆண்டும் மாறிற்று. ஜிம்மு சக்கரவர்த்தி பட்டமேறியதாக ஜப்பானியர் கொள்ளும் கி.மு. 660 முதல் எண்ணி, அவ்வாண்டு 2602 எனப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய பழைய தபால்தலைகளையே எடுத்து, அவற்றின் மேல் ‘தை நிப்பான் 2602 மலாயா’ என்று அச்சிட்டு விற்றார்கள். வானொலி இசைக்கேற்பக் காலையில் தேகப்பயிற்சி செய்யும் ஜப்பானிய வழக்கமும் இங்கு வந்தது. பள்ளிப்பிள்ளைகள் டோக்கியோ இருந்த திக்கை நோக்கிச் சிரம் தாழ்த்தி, ‘கிமிகாயோ’ என்னும் ஜப்பானிய தேசிய கீதம் பாடி, கத்தகானா எழுதப் பழகினர். அரிசி உண்ணும் நாட்டின் நேரம் வந்ததேயன்றி அரிசி வரவில்லை. ஜப்பானியர் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்தமையால் வாழைமர நோட்டு என்று பெயர்பெற்ற அப்பணம் நாளுக்கு நாள் மதிப்பிழக்க, சோறு வெந்த பானைகளில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது.

1945 செப்டம்பர் 12ஆம் நாள் நகராட்சிக் கட்டடத்தில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தாயிற்று. கடிகாரமும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. பின்னர் 1982 ஜனவரி 1 அன்று, மலேசியாவோடு ஒத்திருக்கும் பொருட்டு, சிங்கப்பூர் தானே அதை அரைமணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. இன்று சிராங்கூன் சாலையில் பொழுது புலர்வது ஏழு மணியளவில். அப்போது டோக்கியோவில் மணி எட்டு.