தாத்தாவின் தேக்கும் ஒரு வளைகோடும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன் மக்களே. உள்ளே ஒரு சர்டிபிகேட். மேலே பச்சைக் கலர்ல தேக்கு மரம், கீழே தாத்தா பேரு. 1990-கள்ல ரிட்டயர்மெண்ட் காசைப் போட்டு வாங்கினது. கம்பெனியும் போச்சு, காசும் போச்சு.

"தாத்தா எப்படிப்பா ஏமாந்தாரு?"ன்னு அப்பாகிட்ட கேட்டேன்.

"ஏமாளி இல்லடா அவரு. புதாத்துக் கரையைப் பாத்துட்டுத்தான் போட்டாரு."

அதுவும் சரிதான். மேட்டூர் அணையோட சேர்ந்து 1934-ல வந்த கல்லணைக் கால்வாயைத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் புது ஆறுன்னு சொல்றோம். சுதந்திரத்துக்கு அப்புறம் கால்வாய்க் கரைகள்ல வனத்துறை தேக்கு நட்டுச்சு. வண்டல் மண், பக்கத்துலயே தண்ணி, ஆனா வேர்ல தேங்கி நிக்காத மேட்டுக்கரை. தேக்கு கிடுகிடுன்னு வளர்ந்துச்சு. அதைப் பாத்துத்தான் தாத்தா கணக்குப் போட்டிருக்காரு.

ஆணி புடுங்குறதுக்கு நடுவுல, மரம் வளர்றதை யாராவது முறையா அளந்திருக்காங்களான்னு தேடினேன். பெரிய கதையே இருக்கு.

1713-ல ஜெர்மனியின் சாக்சனியில கார்லோவிட்ஸ்னு ஒரு சுரங்க அதிகாரி, காடு வளர்ற அளவுக்குத்தான் வெட்டணும்னு எழுதினாரு. அப்படின்னா வளர்ச்சியை அளக்கணுமே! அங்கே பைன் மாதிரி மரங்களுக்கு வயசுவாரியா விளைச்சல் அட்டவணை போட ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்க்காரரான பிராண்டிஸ் 1856-ல பர்மா தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேத்து, மரங்களைப் பருமன்வாரியா எண்ணினாரு. 1864-ல இந்தியாவோட முதல் வனத்துறைத் தலைவரும் ஆனாரு. அதுக்கு முன்னாடியே 1840-கள்ல, அப்போ சென்னை மாகாணத்துல இருந்த நிலம்பூர்ல கலெக்டர் கானலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டிருந்தாங்க.

நட்ட தேக்குக்கான அட்டவணையை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து 1940-ல லாரியும் சந்த் ராமும் வெளியிட்டாங்க. அதுல மண்ணோட தரத்தைச் சொல்றது மரத்தோட உயரம். ஏன் பருமன் இல்லை? நெருக்கி நட்டா மரம் ஒல்லியாயிடும், இடைவெளி விட்டா பெருக்கும். ஆனா தோப்புலயே உயரமான மரங்களோட உயரம் இடைவெளியால அவ்வளவா மாறாது. அதனால வயசும் உயரமும் தெரிஞ்சா அந்த மண்ணு எந்த வகுப்புன்னு சொல்லிடலாம். அதை வெச்சு எவ்வளவு மரம் கிடைக்கும்னும் கணக்குப் போடலாம்.

இந்த உயரத்தை வயசுக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வராது. தேக்கு சின்ன வயசுல சரசரன்னு ஏறும், அப்புறம் வளைஞ்சு படுத்துடும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு தனி வளைகோடு. அதுலயும் இளம் மரத்துல வெள்ளைக்கட்டைதான் ஜாஸ்தி, காசு தர்ற வைரம் பாய வருஷக்கணக்கா ஆகும்.

முதல் ரெண்டு வார வேகத்தைப் பாத்து ப்ராஜெக்ட் முடியற தேதியைச் சொல்ற மேனேஜரை நமக்கெல்லாம் தெரியும்தானே? அதே தப்புதான் இது. தாத்தா பாத்தது வளைகோட்டோட முதல் பாதியை. அதுவும் ஆத்தங்கரை மண்ணோட கோட்டை. எங்கேயோ ஒரு வறண்ட காட்டுல நிக்கிற கன்னுக்கும் அதுவே பொருந்தும்னு நம்பிட்டாரு.

இந்த மாதிரி திட்டங்களுக்கு செபி விதிமுறை கொண்டுவந்தது 1999-ல. அட்டவணையோ 1940-லேயே அச்சாயிடுச்சு. நடுவுல 59 வருஷம். அதை யாரும் தாத்தா மாதிரி ஆளுங்ககிட்ட தமிழ்ல சொல்லலை. எனக்கு வருத்தமே அதுலதான்.

நாளைக்கு யாராவது செம்மரம், மகோகனின்னு உங்ககிட்ட வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க. எந்த மண்ணுல அளந்தீங்க? எத்தனை வயசு வரைக்கும் அளந்தீங்க?

சர்டிபிகேட்டைத் தூக்கிப் போடலை. பெட்டியிலயே வெச்சுட்டேன்.