மோடி, சர் ஹோமி (1881–1969)

பம்பாய்ப் பார்சி வழக்கறிஞர். நகராட்சி அரசியலில் தொடங்கி, ஆலை முதலாளிகளின் தலைவராகவும் டாடா நிறுவன இயக்குநராகவும் மாநில ஆளுநராகவும் இருந்தவர். முழுப்பெயர் ஹோர்மஸ்ஜி பெரோஸ்ஷா மோடி. இன்றைய அரசியலில் நாள்தோறும் அடிபடும் மோடிகளோடு இவருக்கு உறவில்லை.

நீதிமன்றத்தைவிட மாநகராட்சி மன்றமே இவருக்குப் பிடித்த களம். 1913இல் அதில் நுழைந்து, பத்தாண்டுக்குள் அதன் தலைவரானார். அந்த மன்றத்தைத் தன் கோட்டையாக வைத்திருந்த மிதவாதத் தலைவர் பெரோஸ்ஷா மேத்தாவின் அரசியல் வாழ்க்கையை 1921இல் இரு தொகுதிகளாக எழுதினார். மிதவாதத்தை மோடி அங்கேதான் கற்றார் என்று சொல்லலாம்.

பம்பாய் ஆலை உரிமையாளர் சங்கத்துக்கு 1929 முதல் 1934 வரை தலைமை தாங்கினார். மலிவான ஜப்பான் துணி சந்தையில் குவிந்து, பம்பாய் ஆலைகள் தள்ளாடிய காலம் அது. 1933 ஜூனில் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வரும் துணிக்கு வரி 75 சதவீதமாக உயர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளின் சார்பில் வந்த வில்லியம் கிளேர்-லீஸுடன் மோடி ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அதுவே மோடி–லீஸ் ஒப்பந்தம். இந்திய நெசவுத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி தேவை என்பதை லங்காஷயர் ஒப்புக்கொண்டது; இந்தியப் பஞ்சைக் கூடுதலாக வாங்க முயல்வதாகவும் சொன்னது. பதிலுக்கு, பிரிட்டிஷ் துணிக்குச் சலுகை காட்டப் பம்பாய் இசைந்தது. அந்நியத் துணியை எரித்த நாட்டில் இது எப்படி எடுபடும்? அகமதாபாத் ஆலைக்காரர்களும் தேசியவாதிகளும் கொதித்தார்கள். மோடி பார்த்தது ஆலைக் கணக்கை. மக்கள் பார்த்தது மானத்தை. கணக்கில் அவர் பெரிதாகத் தவறவில்லை, காலத்தைத்தான் தவறாகக் கணித்தார்.

மத்திய சட்டமன்றத்திலும் அமர்ந்திருந்த அவர், 1935இல் சர் பட்டம் பெற்றார். 1941இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் போர்க்கால வழங்கல் துறை கிடைத்தது. அரசாங்கத்தின் ஆள் என்ற பேச்சு அதோடு உறுதிப்பட்டிருக்கும். ஆனால் 1943 பிப்ரவரியில், ஆகா கான் மாளிகைச் சிறையில் காந்தி 21 நாள் உண்ணாநோன்பு தொடங்கியபோது, அவரை விடுவிக்க மறுத்த அரசிலிருந்து சக உறுப்பினர்களான எம்.எஸ். ஆனே, நளினி ரஞ்சன் சர்க்கார் ஆகியோருடன் மோடியும் விலகினார்.

1949 மார்ச்சில் ஐக்கிய மாகாண (பின்னாளில் உத்தரப் பிரதேசம்) ஆளுநர் சரோஜினி நாயுடு மறைய, மே மாதம் அப்பொறுப்பு மோடியிடம் வந்தது. 1952இல் அதை கே.எம். முன்ஷியிடம் ஒப்படைத்தார். தொழில்களுக்கு அரசு உரிமத்தைக் கட்டாயமாக்கிய லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்து ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியில் மோடியும் முன்ஷியும் மீண்டும் ஓரணியில் சேர்ந்தார்கள்.

மகன்களுள் பிலூ மோடி 1967இல் கோத்ராவிலிருந்து அதே கட்சியின் சார்பில் மக்களவைக்குத் தேர்வானார்; ரூசி மோடி பின்னாளில் டாடா ஸ்டீல் தலைவரானார்.