குளுக்கோஸ் போகும் வழி

சுவாசத்துக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு சமன்பாடு சொல்லித் தருவார்கள். இடப்பக்கம் ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜனும். வலப்பக்கம் ஆறு கார்பன் டை ஆக்சைடு, ஆறு நீர், கூடவே ஆற்றல். சர்க்கரையை நெருப்பில் போட்டு எரித்தாலும் இதே சமன்பாடுதான். அதனால் சாப்பிட்டது உடம்புக்குள் மெதுவாக எரிகிறது என்ற எண்ணம் நமக்குள் பதிந்துவிடுகிறது. 1780களில் பாரிஸில் லவாய்சியேவும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்று அளந்தார்கள். சுவாசமும் ஒருவகை எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கணக்கு சரிதான், நடப்பது வேறு. நாம் தின்ற குளுக்கோஸின் கார்பனும் நாம் இழுத்த ஆக்சிஜனும் உடம்புக்குள் ஓரிடத்திலும் நேருக்கு நேர் சேர்வதில்லை. ஒரே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறின் பின்னாலேயே போனால் இது விளங்கும்.

அந்த மூலக்கூறு மதியச் சோற்றில் இருக்கட்டும். காற்றிலிருந்த கார்பனையும் வயலில் நின்ற நீரையும் கொண்டு நெற்பயிரின் இலை கட்டிய பொருள் அது. மணி முற்றும்போது தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவற்றோடு கோக்கப்பட்டு மாவுச்சத்தாயிற்று. வேகும்போது அந்தச் சங்கிலிகள் நீரைக் குடித்து நெகிழ்ந்தன. வாயில் போட்டதும் உமிழ்நீரின் அமைலேஸ் நொதி அவற்றை வெட்டத் தொடங்கியது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது இதனால்தான். இரைப்பையின் அமிலத்தில் அந்த நொதி ஓய்ந்துபோனாலும், சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வேலையைத் தொடர்கிறது. மிச்சமிருக்கும் சிறு துண்டுகளைக் குடற்சுவரின் நொதிகள் தனித்தனிக் குளுக்கோஸாக்கிவிடுகின்றன.

குடற்சுவரின் செல்லுக்குள் குளுக்கோஸ் தனியாக நுழைவதில்லை. அங்குள்ள புரதம் இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்த்தே ஒரு குளுக்கோஸை உள்ளே விடும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டும் உள்ளே போனால் நீரும் பின்னாலேயே போகும்.

அங்கிருந்து கல்லீரல் வழியாக நம் மூலக்கூறு பொது இரத்த ஓட்டத்துக்கு வருகிறது. பெரியவர் ஒருவரின் ஐந்து லிட்டர் இரத்தத்தில் வெறும் வயிற்றில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. அந்த அளவு மிகாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ளவே இன்சுலினும் அதன் எதிர்த்தரப்பு ஹார்மோன்களும் நாளெல்லாம் உழைக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எழுந்து நடந்தால் கால் தசைச் செல்கள் குளுக்கோஸுக்கான வாயில்களைத் தம் மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. இன்சுலின் செய்யும் அதே வேலையைத் தசையின் அசைவும் செய்யும். நீரிழிவு உள்ளவர்களை மருத்துவர்கள் நடக்கச் சொல்வதில் இந்த நியாயமும் இருக்கிறது.

கெண்டைக்கால் தசையின் ஒரு செல்லுக்குள் நம் மூலக்கூறு நுழைந்ததும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. அந்தப் பாஸ்பேட்டோடு அது இனிச் செல்லை விட்டு வெளியேற முடியாது. பிறகு பத்துப் படிகளில் ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், மூன்று மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகப் பிளக்கப்படுகிறது. கிளைகாலிசிஸ் என்ற இந்த வழியை எம்டன், மேயர்ஹாஃப், பார்னாஸ் முதலியோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். இதற்குச் செல் தன் ஆற்றல் நாணயமான ஏடிபியில் இரண்டைச் செலவழித்து நான்கைச் சம்பாதிக்கிறது. கையில் நிற்பது இரண்டு. குளுக்கோஸில் இருந்த ஆற்றலில் பெரும்பகுதி இன்னும் பைருவேட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே பாதை பிரிகிறது. ஓட்டப்பந்தயத்தில் கடைசி மூச்சாக ஓடும்போது பைருவேட்டில் பெரும்பங்கு லாக்டேட்டாக மாறுகிறது. நிதானமாக நடக்கும் காலில் அது மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் நுண்ணுறுப்புக்குள் போகிறது. உள்ளே போனதும் ஒரு பெரிய நொதிக் கூட்டம் அதிலிருந்து ஒரு கார்பனைக் கழற்றிக் கார்பன் டை ஆக்சைடாக விடுகிறது. எஞ்சிய இரண்டு கார்பன் துண்டுதான் அசிட்டைல். அதைக் கோஎன்சைம்-ஏ என்ற தாங்கி பிடித்துக்கொள்கிறது. இந்தக் கழற்றலுக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, இல்லாமல் முடியாது.

இந்த ஒரு படி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அந்நாள் மலாயாவின் கதை சாட்சி. வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துபோகும். அதே நாட்டில் வேலை பார்த்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. அங்கே மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டை 1907இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்த அரிசியையும் மறு பிரிவுக்கு இந்த அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பக்கமே பெருகியது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது அவ்வளவாகப் போவதில்லை. அன்று இது யாருக்கும் தெரியாது. பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே பிராடன் நினைத்தார். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதைக் கவனித்த டச்சு மருத்துவர் ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தயமின் இல்லாத புறாக்களின் மூளையில் பைருவேட் மேலே போக வழியின்றித் தேங்குவதை ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் 1930களில் காட்டிய பிறகுதான் நோயின் இருப்பிடம் துலங்கியது. அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வயிறு நிறையச் சோறு கிடைத்தது, மூச்சுக்குக் காற்றும் குறைவில்லை. குளுக்கோஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.

நம் சோறு புழுங்கல், ஆகவே வழி திறந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அசிட்டைல், நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோஅசிட்டேட்டோடு சேர்ந்து ஆறு கார்பன் கொண்ட சிட்ரேட்டாகிறது. எலுமிச்சையைப் புளிக்கவைக்கும் சிட்ரிக் அமிலத்தின் மறுவடிவம்தான் அது. அடுத்தடுத்த படிகளில் இரண்டு கார்பன்கள் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று விழ, ஆக்சலோஅசிட்டேட் மீண்டும் கிடைக்கிறது. அடுத்த அசிட்டைலுக்காகக் காத்திருக்கிறது. முதல் சுற்றில் கழலும் இரண்டு கார்பன்களும் இப்போது உள்ளே வந்தவை அல்ல, ஏற்கெனவே சுழற்சியில் இருந்தவை. நம் மூலக்கூறின் கார்பன்கள் அடுத்தடுத்த சுற்றுகளில்தான் வெளியேறும்.

இந்தச் சுழற்சியைக் கண்டவர் ஹான்ஸ் கிரப்ஸ். யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியில் வேலையை இழந்து இங்கிலாந்துக்கு வந்தவர். ஷெஃபீல்டில் புறாவின் நெஞ்சுத் தசையை நறுக்கி அரைத்து, எதைச் சேர்த்தால் அது எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கிறது என்று அளந்தே சுழற்சியின் படிகளை வரிசைப்படுத்தினார். பறப்பதற்கான தசை என்பதால் புறாவின் நெஞ்சு வெகு வேகமாகச் சுவாசிக்கும். 1937இல் அவர் அனுப்பிய கடிதத்தை நேச்சர் இதழ், கைவசம் கடிதங்கள் நிறைய இருக்கின்றன என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஹாலந்தின் ஓர் இதழ் அதை வெளியிட்டது. 1953இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. கோஎன்சைம்-ஏவைக் கண்ட லிப்மன் அதில் பங்காளி.

இப்போது கணக்குப் பார்க்கலாம். சுழற்சிக்கு முன் இரண்டு, சுழற்சியில் நான்கு என்று குளுக்கோஸின் ஆறு கார்பனும் தீர்ந்துவிட்டன. மூச்சில் வந்த ஆக்சிஜன் இதுவரை எந்தப் படியிலும் கை வைக்கவில்லை. கார்பன்களோடு சேர்ந்து போன ஆக்சிஜன் அணுக்கள் குளுக்கோஸிலும் செல்லின் நீரிலும் முன்பே இருந்தவை. பள்ளிச் சமன்பாட்டில் இந்த நீர் தெரிவதில்லை. உண்மையில் இடப்பக்கம் ஆறு நீர் சேர்கிறது, வலப்பக்கம் பன்னிரண்டு வருகிறது. ஆறுக்கு ஆறு கழித்து எழுதுகிறோம்.

அப்படியானால் ஆக்சிஜன் எதற்கு? குளுக்கோஸ் விட்டுச்சென்ற எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளத்தான். வந்த வழி முழுக்கக் குளுக்கோஸிடமிருந்து ஹைட்ரஜனும் அதோடு எலக்ட்ரான்களும் பிடுங்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அவற்றைச் சுமப்பவை என்.ஏ.டி., எஃப்.ஏ.டி. என்ற இரண்டு தாங்கிகள். முன்னது வைட்டமின் பி3இலிருந்தும் பின்னது பி2இலிருந்தும் உருவாகின்றன. பத்து என்.ஏ.டி., இரண்டு எஃப்.ஏ.டி., தலைக்கு இரண்டு எலக்ட்ரான்; ஆக மொத்தம் 24.

இந்த 24 எலக்ட்ரான்களும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களின் வழியே கைமாறிப் போகின்றன. அவற்றில் சைட்டோகுரோம் எனப்படும் நிறமிகளை 1925இல் டேவிட் கெய்லின் கேம்பிரிட்ஜில் விவரித்தார். ஈஸ்ட் கரைசலை நிறமாலைக் கருவியில் பார்த்தால் கருங்கோடுகள் தெரியும். காற்றுப்படக் குலுக்கினால் அவை மறையும், சற்று விட்டால் திரும்பத் தோன்றும். எலக்ட்ரான் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரிந்தது.

வரிசையின் கடைசிப் புரதத்தில் காத்திருக்கிறது ஆக்சிஜன். நுரையீரலிலிருந்து அதைச் சுமந்து வந்த சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. சுமையிலிருந்து தனக்கென்று ஒரு துளியும் அது எடுத்துக்கொள்வதில்லை. ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகள் 24 எலக்ட்ரான்களையும் சுற்றியிருக்கும் புரோட்டான்களையும் வாங்கி நீராகின்றன. சயனைடு அடைப்பது இந்தக் கடைசிப் புரதத்தைத்தான். அப்போது இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் செல் மூச்சுத் திணறிச் சாகும்.

எலக்ட்ரான்கள் இறங்கி வரும்போது வெளிப்படும் ஆற்றல் எப்படி ஏடிபியாகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. இடையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று பலரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று 1961இல் பீட்டர் மிட்செல் சொன்னார். எலக்ட்ரான் கைமாறும்போதெல்லாம் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. அணையில் தேக்கிய நீர் மதகு வழியே பாய்ந்து விசையாழியைச் சுற்றுவதுபோல, தேங்கிய புரோட்டான்கள் திரும்பப் பாயும் வேகத்தில் ஏடிபி பிறக்கிறது என்றார். துறையினர் எளிதில் ஏற்கவில்லை. கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு ஆய்வகமாக்கி, சக ஆய்வாளர் ஜெனிபர் மாய்லுடன் சேர்ந்து சோதனைகளைத் தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தச் சவ்வு அவ்வளவு மெல்லியது என்பதால், அதன் குறுக்கே உள்ள சிறிய மின்னழுத்தமே மீட்டருக்கு ஏறக்குறைய 3 கோடி வோல்ட் என்ற கணக்கில் வரும்.

புரோட்டான் பாயும் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம் மெய்யாகவே சுழல்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை 1997இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. பழைய பாடநூல்கள் ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்றன. புரோட்டான்கள் கசிவதையும் சரக்குப் போக்குவரத்துக்குச் செலவாவதையும் கழித்து இப்போது 30 முதல் 32 என்கிறார்கள். மிச்ச ஆற்றல் வெப்பமாகி உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்கிறது.

ஏடிபியைத் தசையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகத சுப்பாராவ், காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அதனால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929இல் அவர் ஏடிபியைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் கண்டார். நம் உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி நூறு கிராமைத் தாண்டாது. ஆனால் அது உடைந்து உடைந்து திரும்பக் கூடுவதால், ஒரு நாளில் புழங்கும் மொத்தம் ஏறக்குறைய உடல் எடைக்கே சமம்.

இனி மிஞ்சியவற்றின் வழி. 180 கிராம் குளுக்கோஸ் 192 கிராம் ஆக்சிஜனை வாங்கி, 264 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 108 கிராம் நீருமாக மாறுகிறது. நீர் உடம்பின் நீரோடு கலந்துவிடும். இப்படி நாமே உண்டாக்கிக்கொள்ளும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லி. கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாக இரத்தத்தில் கரைந்து நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியேறும். கொழுப்பும் கடைசியில் அசிட்டைல் துண்டுகளாகி இதே சுழற்சிக்குத்தான் வருகிறது. காலையில் வேகமாக நடந்துவிட்டு, நனைந்த பனியனைப் பிழிந்து காட்டி, கொழுப்பெல்லாம் வியர்வையாக ஓடிவிட்டது என்பவர்கள் உண்டு. பனியனில் இருப்பது நீரும் உப்பும்தான். கரைந்த கொழுப்பின் கார்பன் நடந்த தெருவெல்லாம் மூக்கு வழியே போயிருக்கும்.