நுண்பாய்மவியல்: ஒரு கல்வித்துறை தன் கதவைத் திறந்த வரலாறு

மயிரிழையளவே அகலமுள்ள கால்வாயில் திரவத்தை ஓடவிட்டு, அதனுள் உயிரணுக்களை வளர்த்தும் பகுத்தும் ஆராயும் துறை நுண்பாய்மவியல் எனப்படும். உயிரியலும் உயிரிச் செயல்முறைப் பொறியியலும் பயிலும் மாணவர் பலர் இன்று இத்தகைய கருவியைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தம் கையாலேயே செய்து பார்க்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் இவ்வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்தது. இம்மாற்றம் நேர்ந்த விதம் அறியத்தக்கது.

இத்துறையின் அடிப்படை விதி பழையது. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயத்தைச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாக இருந்தபோது சாயம் கலங்காமல் ஒரே இழையாகச் சென்றது. வேகம் மிகுந்தபோது சிதறிக் கலந்தது. குழாய் ஒடுங்க ஒடுங்க இக்கலங்காத ஓட்டமே நிலைபெறுகின்றது. ஆதலின் நுண்கால்வாயில் இரு நீர்மங்கள் அருகருகே ஓடினும், மூலக்கூறுகள் பரவுவதால் மட்டுமே அவை கலக்கின்றன. பரவ வேண்டிய தொலைவு பத்தில் ஒரு பங்கானால், அதற்காகும் நேரம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

இவ்விதியைக் கருவியாக்கும் முயற்சி சிலிக்கானில் தொடங்கிற்று. 1979இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டெரியும் உடனாய்வாளரும் வாயுக்களைப் பகுக்கும் கருவியொன்றைச் சிலிக்கான் வில்லையில் அமைத்தனர். 1990இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆந்திரேயாஸ் மான்சும் குழுவினரும், பகுப்பாய்வு முழுவதையும் ஒரு சில்லுக்குள் அடக்கும் கருத்தை முன்வைத்தனர். எனினும் சிலிக்கானைச் செதுக்கத் தூசு நீக்கிய அறையும் பெரும் பொருட்செலவும் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும், உயிரணுவுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் அது ஊடுருவ விடுவதில்லை.

தடையை நீக்கியது ஒரு மென்மையான ரப்பர். 1998இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஒயிட்சைட்சின் குழுவினர், கால்வாயின் வரைபடத்தைக் கணினி அச்சுப்பொறியால் ஒளிபுகு தாளில் அச்சிட்டு, அதைக்கொண்டு அச்சு செய்து, அதில் பாலி டைமெத்தில் சிலாக்சேனை ஊற்றி இறுகச் செய்து உரித்தெடுத்தனர். வரைபடம் ஒரு நாளுக்குள் கருவியாயிற்று. ஓர் அச்சிலிருந்து பல கருவிகளை வார்க்கவும் இயன்றது. அப்பொருள் ஒளியையும் காற்றையும் ஊடுருவ விட்டது. 2000இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீபன் குவேக்கின் குழு, இதே ரப்பரை அடுக்கி, காற்றழுத்தத்தால் மூடித் திறக்கும் நுண்ணடைப்பிதழ்களைப் படைத்தது.

உயிரிச் செயல்முறைத் துறையும் இதனால் பயன்பெற்றது. 2004இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், சில மைக்ரோலிட்டர் கொள்ளளவே உடைய கலனில் பாக்டீரியாவை வளர்த்து, ஆக்சிஜன் அளவையும் அமிலத்தன்மையையும் ஒளியின் துணையால் அளந்ததை வெளியிட்டனர். பெருங்கலனுக்குச் செல்லுமுன் பல வளர்ப்புச் சூழல்களைச் சிறிதளவு ஊடகத்தில் சோதிக்க இதனால் வழி பிறந்தது.

ஆயினும் மாணவர் கற்க வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. அந்த ரப்பர் சில மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும், அளவீடு பிழைபடும். ஆயிரக்கணக்கான லிட்டர் கலனில் சுழல்துடுப்பு எழுப்பும் கலக்கம் நுண்கால்வாயில் இல்லை. எனவே சிறியதில் கண்ட முடிவைப் பெரியதற்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது.

விதி 1883இலேயே தெரிந்திருந்தது. நூறாண்டுக்குப் பின் அதை மாணவன் கைக்குக் கொண்டுவந்தது புதியதொரு விதியன்று, மலிவானதொரு பொருளே. கதவைத் திறந்தது மலிவு. உள்ளே சென்றவனை வழிநடத்துவதோ அப்பழைய விதியைப் பற்றிய தெளிவே.