விலையில்லா மடிக்கணினிக்குள் இருந்த 'பாஸ்'

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழைய வகுப்புப் படங்களைத் தேடினேன். அவை இருந்த ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. பாதிப் படங்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று நம் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு, ஒரு பழைய படத்தின் மதிப்பை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சத்தைக் காப்பாற்ற, வீட்டிலேயே ஒரு பைல் சர்வர் வைக்க முடிவு செய்தேன். வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போன்களும் கணினிகளும் கோப்புகளைக் கொண்டுபோய்ப் போடும் பொதுப் பெட்டி அது.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு மடிக்கணினி பரணில் கிடந்தது.

உங்களில் பலருக்கும் அது கிடைத்திருக்கும். 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்று இன்னொன்றும் அதில் இருந்தது. முதலாளி என்று அர்த்தம் செய்து சிரித்தவர்கள் உண்டு. உண்மையில் அது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது, தமிழ் உட்பட இந்திய மொழிகளோடு. அதே காலத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்த எல்காட் நிறுவனமும் லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனால் வீடுகளில் பாஸைப் பெரும்பாலோர் அழித்தார்கள். நானும் மகளிடம், "அதைத் தொடாதே, கெட்டுப்போகும்" என்றுதான் சொன்னேன். சொல்லித்தர ஆளில்லை என்பதே உண்மைக் காரணம்.

இப்போது எந்த லினக்ஸைப் போடுவது என்று தேடியபோதுதான் அந்தக் குடும்பத்தின் வம்சாவளி தெரிந்தது. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதினார். 1993-ல் இயன் மர்டாக் தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியனைத் தொடங்கினார். டெபியனின் பிள்ளை, 2004-ல் வந்த உபுண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். உபுண்டுவின் பிள்ளை 2006-ல் வந்த மின்ட். நாம் அழித்த பாஸும் டெபியனின் பிள்ளைதான்!

கோப்புகளைப் பகிரும் வேலையைச் செய்வது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் கணினியை யூனிக்ஸ் கணினியோடு பேசவைக்க விரும்பினார். கம்பியில் போய்வரும் செய்திகளைக் கவனித்தே அந்தப் 'பேச்சை' கண்டுபிடித்தார். முதலில் வைத்த பெயருக்கு ஒரு நிறுவனம் ஆட்சேபம் சொன்னதால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லைக் கணினி அகராதியில் தேட, 'சாம்பா' கிடைத்தது. வகுப்பில் நாம் ஆடிய சொல் விளையாட்டேதான்.

முதலில் மின்ட் போட்டேன். விண்டோஸ் பழகியவர்களுக்கு அதுதான் சுலபம், 4 ஜிபி ராம் இருந்தால் நீங்களும் அதையே போடலாம். என் மடிக்கணினியில் 2 ஜிபிதான், திணறியது. பிறகு பாட்டி வீட்டுக்கே போய்விட்டேன்: டெபியன், எக்ஸ்.எஃப்.சி.இ என்ற எளிய முகப்போடு. ஏறக்குறைய 2 ஆண்டுக்கு ஒரு பதிப்புதான் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கிறது. அடிக்கடி மாறாத பொருள்தான் சர்வருக்கு நல்லது. இந்த வேலைக்கென்றே டெபியன் மேல் கட்டிய ஓபன்மீடியாவால்ட் என்று ஒன்று உண்டு. பிரவுசர் வழியாகவே எல்லாம் செய்யலாம். திரையும் கீபோர்டும் கையில் இருக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சர்வரில் இருக்கிறதே என்று மற்ற இடத்தில் அழித்துவிடாதீர்கள். அந்த டிஸ்க்கும் ஒருநாள் 'டக் டக்' என்னும். இரண்டாவது நகல் சாத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறது. பழைய பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள்.

இன்னும் 1994, 1997 எட்டாம் வகுப்புக் குழுப் படங்கள் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் பெயர்கள் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.