கன்வர்ட்டர் விலகும் வேளை

கப்பலுக்காகப் பிறந்து, பின்னர் கரையேறி லாரியை அடைந்த சாதனம் டார்க் கன்வர்ட்டர். நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுழல, புரொப்பெல்லரோ நிதானமாகச் சுழன்றால்தான் நன்கு உழைக்கும் என்ற முரண்பாட்டைத் தீர்க்க, ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்து வுல்கான் கப்பல் பட்டறையில் பணியாற்றிய ஹெர்மன் ஃபாட்டிங்கர், பற்சக்கரங்களை விடுத்துத் திரவத்தையே இடையில் நிறுத்தும் யுக்திக்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை நாடினார். எஞ்சினோடு சுழலும் பம்ப் வீசும் திரவம், எதிரிலுள்ள டர்பைனைத் திருப்பிவிட்டு, நடுவே அசையாது நிற்கும் ஸ்டேட்டரின் தகடுகளில் மோதித் திசை மாறி மீளுகையில், முறுக்கு விசை பெருகுகிறது.

பாரத்தோடு நிற்கும் வண்டி புறப்பட இது பெரும் அநுகூலம். ஓட்டம் நிலைத்த பின்போ, டர்பைன் பம்பைவிடச் சற்றுப் பின்தங்கியே சுழல்வதால், அந்த நழுவல் எண்ணெயில் உஷ்ணமாகி டீசலை வீணாக்கும். இதை உணர்ந்தே, ஸ்வீடன் பொறியாளர் லிஸ்ஹோமின் கன்வர்ட்டரை 1930-களில் பஸ்களில் பொருத்திய இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியார், வேகம் கூடியதும் டிரைவர் நெம்புகோலைத் தள்ளிக் கன்வர்ட்டரை விலக்கி, எஞ்சினை நேரே இணைக்கும்படி அமைத்தனர். டிரைவரின் கை செய்த அவ்வேலையை, 1949-இல் அமெரிக்காவின் பாக்கார்டு காரில் வந்த அல்ட்ராமேட்டிக் கியர்பெட்டி தானே செய்துகொண்டது. பெட்ரோல் மலிவாயிருந்த காலத்தில் கார் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் இந்த லாக்-அப் கிளட்சைக் கைவிட்டு, 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே மீண்டும் நாடினார்கள். கிரைஸ்லர் அதனை 1978 மாடல்களில் கொணர்ந்தது.

நெடுந்தூரம் பாரம் சுமக்கும் லாரிக்கோ அத்தகைய அலட்சியம் கட்டுப்படியாகாது. இண்டியானாபொலிஸ் நகரத்து அல்லிசன் நிறுவனத்தாரின் கியர்பெட்டிகளில், தக்க வேகம் வந்ததும் ஒரு வால்வு திறக்க, எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி, உராய்வுத் தட்டை இறுக்கிப் பிடிக்கச் செய்ய, பம்பும் டர்பைனும் ஒன்றாகச் சுழலும். அதுவரை நழுவிய எண்ணெயே இப்போது நழுவலை ஒழிக்கும் கருவியாகிறது. கியர் மாறும் கணத்தில் பிடி தளர்வதால், அதிர்ச்சியைத் திரவம் ஏற்றுக்கொள்ளும்.

மலைச்சரிவில் இதன் அருமை இன்னும் துலங்கும். அல்லிசனின் எம்டி 643-இல் லாக்-அப் உண்டு. ஏடி 545-இல் இல்லை. முன்னதில், இறங்கும் லாரியின் சக்கரங்கள் எஞ்சினையும் இழுத்துச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் அடங்கும்; பின்னதில், எஞ்சினின் தடையில் பெரும்பகுதி எண்ணெயில் நழுவிப் போய்விடுவதால், அடிவாரம் வரை பிரேக்கையே நம்பி இறங்க வேண்டும்.